பெயர் போன நிலையம்

கால்வாய், ரயில், டிராம், மெட்ரோ என நான்கு யுகங்களைக் கண்ட இடம் கொல்கத்தாவின் டாலிகஞ்ச். இங்கே ஒவ்வொரு புதிய வசதியும் பழைய ஒன்றைப் பலி வாங்கித்தான் வந்திருக்கிறது.

கொல்கத்தாவின் தென்பகுதியில் டாலிகஞ்ச் நிலையத்துக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரருக்கு இரண்டு விடைகள் கிடைக்கக்கூடும். இரண்டுமே சரியானவை என்பதுதான் சிக்கல். ஒன்று, சியால்டாவிலிருந்து பஜ்பஜ் செல்லும் புறநகர் ரயில் பாதையில் உள்ள சிறிய நிலையம். லேக் கார்டன்ஸுக்கும் நியூ அலிப்பூருக்கும் நடுவே உள்ள இதன் பலகையில் டாலிகஞ்ச் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் இதை ஒட்டியுள்ள மெட்ரோ நிலையத்தின் பெயர் ரவீந்திர சரோபர். இன்னொன்று, தெற்கே சுமார் ஒன்றரை கி.மீ. தள்ளி டிராம் டெப்போ அருகே இருக்கும் மெட்ரோ நிலையம். 23 ஆண்டுகள் டாலிகஞ்ச் என்று அழைக்கப்பட்ட இதன் இன்றைய பெயர் மகாநாயக் உத்தம் குமார். 2009-ல் பெயர்ப் பலகை மாறியது. ஆட்டோ ஓட்டுநர்களின் நாக்கு மாறவில்லை. அவர்களுக்கு அது இன்னமும் 'டாலிகஞ்ச் மெட்ரோ'தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-ல் எம்.ஜி.ஆரின் பெயர் சூட்டப்பட்டது. பயணிகளோ இன்றும் சென்ட்ரலுக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள். அங்கேயும் திரை நாயகர், இங்கேயும் திரை நாயகர். ஆனால் டாலிகஞ்சின் கதையில் தொலைந்துபோனது பெயர் மட்டுமல்ல. இந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்த கால்வாயின் மேலேயே மெட்ரோவின் தூண்கள் ஊன்றப்பட்டிருக்கின்றன. 250 ஆண்டுகளில் இங்கே வந்த ஒவ்வொரு போக்குவரத்தும் முந்தையதை ஓரங்கட்டியே இடம் பிடித்தது. அந்த வரவு செலவுக் கணக்கைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நிலையம் இந்தியாவில் அதிகம் இருக்காது.

டாலியின் கால்வாய்

கணக்கு தொடங்குவது தண்ணீரில். இன்றைய ஹூக்ளி நதி தன் போக்கை மாற்றிக்கொள்வதற்கு முன் கங்கையின் நீர் காளிகாட் வழியே தெற்கு நோக்கி ஓடிக் கடலை அடைந்தது. ஆதி கங்கை என்று வங்காளிகள் அழைக்கும் அந்தத் தடம்தான் அவர்களுக்கு இன்றும் புனிதமானது. காளிகாட் காளி கோயில் பெரிய நதியின் கரையில் இல்லாமல் ஒரு குறுகிய ஓடையின் கரையில் இருப்பதற்குக் காரணமும் இதுவே. கோயில் இடம் மாறவில்லை, நதிதான் மாறியது.

18-ம் நூற்றாண்டில் தூர்ந்துகிடந்த இந்தத் தடத்தைக் காசாக்க நினைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி வில்லியம் டாலி. கல்கத்தாவை கிழக்கு வங்கத்தின் நீர்வழிகளோடு இணைத்தால் படகு வியாபாரம் பெருகும், சுங்கம் வசூலிக்கலாம் என்பது அவர் திட்டம். 1770-களின் நடுவில் வேலை தொடங்கியது. ஹேஸ்டிங்ஸ் அருகே ஹூக்ளியில் ஆரம்பித்து கரியா வரை பழைய ஆதி கங்கையைத் தூர்வாரினார். அங்கிருந்து கிழக்கே புதிதாக வெட்டி வித்யாதரி நதியோடு இணைத்தார். சுமார் 27 கி.மீ. நீளமுள்ள கால்வாய் 1777-ல் படகுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. செலவு அவருடையது. பதிலுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமையும் கரையில் சந்தை அமைக்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தன. கஞ்ச் என்றால் சந்தை. அதுவரை ரசா பாக்லா என்று அறியப்பட்ட பகுதி டாலியின் சந்தையாகி, டாலிகஞ்ச் ஆயிற்று.

டாலி தன் கால்வாயின் லாபத்தை அதிக நாள் அனுபவிக்கவில்லை. 1784-ல் இறந்துபோனார். 1804-ல் கால்வாய் அரசின் கைக்குப் போனது. அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு நெல்லும் விறகும் வைக்கோலும் ஏற்றிய படகுகள் இதன் வழியே நகருக்குள் வந்துகொண்டிருந்தன. நகரின் தெற்கு வாசலாக டாலிகஞ்ச் உருவானது இந்தப் படகுகளால்தான்.

வேலூரிலிருந்து வந்த இளவரசர்கள்

இந்த இடத்துக்குத் தமிழ்நாட்டோடு எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்ட பிறகு அவருடைய பிள்ளைகளை ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். 1806 ஜூலை 10-ல் அதே கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி வெடித்து, கோட்டையின் மேல் திப்புவின் கொடி ஏறியது. புரட்சி ஒரே நாளில் நசுக்கப்பட்டது. இளவரசர்கள் இனித் தெற்கில் இருப்பது ஆபத்து என்று முடிவு செய்த கம்பெனி அவர்களைக் கல்கத்தாவுக்கு நாடு கடத்தியது. அவர்கள் குடியேற்றப்பட்ட இடம் இந்த ரசா பாக்லா.

திப்புவின் கடைசிப் புதல்வர் குலாம் முகமது நகரின் மையத்தில் தர்மதலாவில் 1842-ல் கட்டிய மசூதி இன்றும் எஸ்பிளனேட் மெட்ரோ நிலையத்துக்கு அருகே நிற்கிறது. ஏறத்தாழ அதே சாயலில் அவர் டாலிகஞ்சிலும் ஒரு மசூதி கட்டினார். அதன் பக்கத்தில் தொடங்கும் சாலை பிரின்ஸ் அன்வர் ஷா ரோடு. அந்தப் பெயரும் மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவருடையதே. 1986-ல் மெட்ரோ டாலிகஞ்சை எட்டியபோது அதன் வட முனையில் திப்பு குடும்பத்து மசூதி ஒன்று, தென் முனைக்கருகே இன்னொன்று என்ற நிலை யாரும் திட்டமிடாமலே அமைந்தது.

மசூதிக்குச் சற்றுத் தெற்கே டாலிகஞ்ச் கிளப். 1895-ல் தொடங்கப்பட்ட இந்த கிளப்பின் பிரதானக் கட்டடம் 18-ம் நூற்றாண்டு மாளிகை. ஒரு காலத்தில் திப்பு குடும்பத்தாரின் வசம் இருந்தது. சுமார் 100 ஏக்கர் பசுமைக்குள் கால்ஃப் ஆட்டம் நடக்க, மதில் சுவருக்கு வெளியே மெட்ரோ பயணிகள் ஆட்டோவுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

பஜ்பஜ் ரயில்

நீராவி ரயில் இந்தப் பகுதிக்கு வந்தது 1890-ல். பாலிகஞ்ச் சந்திப்பிலிருந்து பிரிந்து ஹூக்ளிக் கரையிலுள்ள பஜ்பஜ் துறைமுகத்துக்குச் செல்லும் அகலப் பாதை அது. எண்ணெய்க் கிடங்குகளும் சணல் ஆலைகளும் நிறைந்த பஜ்பஜ்ஜுக்கான சரக்கே முதல் நோக்கம். ஆனால் இந்தக் கிளைப் பாதையில் சரித்திரமும் சில முறை பயணம் செய்திருக்கிறது.

சிகாகோ புகழுடன் 1897 ஜனவரியில் பாம்பனில் கரையிறங்கிய சுவாமி விவேகானந்தர், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாக சென்னை வந்து ஒன்பது நாட்கள் தங்கினார். பிப்ரவரி 15-ல் சென்னையில் கப்பல் ஏறி, இறங்கிய இடம் பஜ்பஜ். பிப்ரவரி 19 காலையில் சிறப்பு ரயில் ஒன்று அவரை இந்தப் பாதை வழியே சியால்டாவுக்கு அழைத்துச் சென்றது. சென்னை மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைத் தாங்களே இழுத்த கதை தமிழர்களுக்குத் தெரியும். கல்கத்தாவிலும் சியால்டாவில் அதே வரவேற்பு காத்திருந்தது.

17 ஆண்டுகளுக்குப் பிறகு அதே பஜ்பஜ்ஜில் வேறு வகை வரவேற்பு. கனடாவால் திருப்பியனுப்பப்பட்ட பஞ்சாபிகளைச் சுமந்து 1914 செப்டம்பரில் வந்து சேர்ந்தது கோமகாடா மாரு கப்பல். பயணிகளை நகருக்குள் விடாமல் நேராக பஞ்சாபுக்கு அனுப்பிவிட அரசு சிறப்பு ரயிலைத் தயாராக வைத்திருந்தது. பெரும்பாலோர் ஏற மறுத்து கல்கத்தாவை நோக்கி நடக்கத் தொடங்கினர். திருப்பி அழைத்துவரப்பட்ட பிறகு செப்டம்பர் 29-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பேர் உயிரிழந்தனர்.

1960-களின் நடுவில் மின்மயமான பிறகு இந்தப் பாதை முழுக்க முழுக்கப் புறநகர்வாசிகளின் பாதையாகிவிட்டது. இன்றைய டாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. நீண்டதூர ரயில்கள் இதைத் தொடுவதில்லை. மின்சார ரயில்கள் வந்து, அரை நிமிடம் நின்று, கிளம்புகின்றன. ஆனால் பஜ்பஜ், நங்கி, ஆக்ரா, சந்தோஷ்பூர் பக்கத்திலிருந்து நகருக்குள் வேலைக்கு வருபவர்களுக்கு இந்த இடத்தின் மதிப்பு தெரியும். இங்கே இறங்கி நடந்து ரவீந்திர சரோபரில் மெட்ரோ பிடித்தால் பார்க் ஸ்ட்ரீட்டோ எஸ்பிளனேடோ சில நிமிடங்களில். இரண்டு ரயில்களும் இந்திய ரயில்வேயுடையவையே. ஆனாலும் ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. புறநகர் ரயிலுக்கு ஒரு வரிசை, மெட்ரோவுக்கு இன்னொரு வரிசை. ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள் இருந்த காலத்தில் மக்களைக் குழப்பியது பெயர் என்றால், இன்று அலுப்பூட்டுவது இந்த இரட்டைக் கணக்கு.

டிராமும் சினிமாவும்

மின்சார டிராம் கல்கத்தாவில் ஓடத் தொடங்கியது 1902-ல். மறு ஆண்டே காளிகாட் பாதை டாலிகஞ்ச் வரை நீட்டப்பட்டது. படகுக்கு அடுத்து இந்தப் பகுதியை நகரத்தோடு உண்மையில் ஒட்டவைத்தது டிராம்தான். குறைந்த கட்டணத்தில், வீட்டு வாசலருகே ஏறி, அலுவலக வாசலருகே இறங்கும் வசதி. டாலிகஞ்ச் தன் தனி நகராட்சி அந்தஸ்தை இழந்து கல்கத்தா மாநகராட்சியோடு சேர்ந்தது 1953-ல் தான் என்றாலும், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே டிராம் தண்டவாளம் அந்த இணைப்பைச் செய்து முடித்திருந்தது.

காலி நிலமும் டிராம் வசதியும் இருந்த இடத்துக்கு சினிமா வந்ததில் வியப்பில்லை. பி.என். சர்க்கார் 1931-ல் நியூ தியேட்டர்ஸை நிறுவினார். ஒலிப்பதிவுக்காக இந்தியா வந்திருந்த வில்ஃபோர்ட் டெமிங் என்ற அமெரிக்கப் பொறியாளர், 1932-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் டாலிகஞ்சையும் ஹாலிவுட்டையும் சேர்த்து டாலிவுட் என்று எழுதினார். பம்பாய்க்கு பாலிவுட் என்ற பெயர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னதாக. இன்று தென்னிந்தியாவில் அந்தச் சொல் தெலுங்குப் படவுலகைக் குறிப்பது வேறு கதை.

தமிழ் சினிமாவும் இந்த ஊருக்குக் கடன்பட்டது. சென்னையில் போதிய பேசும்பட ஸ்டுடியோக்கள் இல்லாத 1930-களில் தயாரிப்பாளர்கள் நடிகர்களையும் பாடகர்களையும் பக்கவாத்தியக்காரர்களையும் சமையல்காரர்களையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி கல்கத்தா போனார்கள். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 'பக்த நந்தனார்' (1935), எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' (1937) ஆகியவை கல்கத்தாவில் உருவான படங்கள். சென்னையில் ஸ்டுடியோக்கள் எழுந்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றது. டாலிகஞ்ச் வங்கப் படங்களின் தலைநகராகத் தொடர்ந்தது.

பாதாள ரயில்

தேசப் பிரிவினை டாலிகஞ்சின் தெற்கு எல்லையைத் தலைகீழாக மாற்றியது. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் டாலிகஞ்ச், ஜாதவ்பூர், கரியா பக்கம் காலியாகக் கிடந்த நிலங்களிலும் கைவிடப்பட்ட ராணுவ முகாம்களிலும் குடிசை போட்டனர். பிஜய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் என்ற காலனிகள் அப்படித்தான் பிறந்தன. குடிசைகள் வீடுகளாயின, அந்த வீடுகளிலிருந்து ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் நகருக்கு வேலைக்குக் கிளம்பினர். டிராம் டெப்போவுக்கு அப்பால் அவர்களுக்கு இருந்தது நெரிசலான பஸ் மட்டுமே.

நகரின் திணறலுக்கு விடை தேட 1969-ல் ரயில்வே பெருநகரப் போக்குவரத்துத் திட்டப் பிரிவு ஒன்றை அமைத்தது. சோவியத் நிபுணர்களின் உதவியோடு 1971-ல் தயாரான திட்டம் நகருக்கு 97.5 கி.மீ. நீளத்தில் ஐந்து பாதைகளைப் பரிந்துரைத்தது. முதல் பாதை வடக்கே டம்டம் முதல் தெற்கே டாலிகஞ்ச் வரை, சுமார் 16.5 கி.மீ. 1972 டிசம்பர் 29-ல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். சுமார் ரூ. 140 கோடி என்று மதிப்பிடப்பட்ட செலவு, முடிவதற்குள் ஆயிரம் கோடியைத் தாண்டியது.

இந்தியாவில் யாரும் செய்திராத வேலை. கல்கத்தாவின் அடியில் இருப்பது பாறையல்ல. வண்டல் களிமண்ணும் கை வைத்தால் ஊறும் நீரும். பெரும்பகுதி, சாலையை மேலிருந்து வெட்டித் திறந்து, சுரங்கப் பெட்டியைக் கட்டி, மறுபடி மூடும் முறையில் நடந்தது. குழியின் பக்கங்கள் சரியாமலிருக்க பென்டோனைட் குழம்பை நிரப்பித் தோண்டி, அதற்குள் கான்கிரீட் சுவர்களை இறக்கினார்கள். நகரின் முதுகெலும்பான வடக்கு தெற்குச் சாலை ஆண்டுக்கணக்கில் பிளந்து கிடந்தது. மழைக்காலத்தில் குழிகள் குளங்களாயின. பணப் பற்றாக்குறையால் வேலை பலமுறை தேங்கியது. பாதாள ரயில் என்று வங்காளிகள் வைத்த பெயர், பாதாளத்தில் போகும் பணத்தையும் சேர்த்துக் கிண்டலாக உச்சரிக்கப்பட்டது.

மால்டாவைச் சேர்ந்த கனி கான் சௌத்ரி ரயில்வே அமைச்சரான பிறகு திட்டம் வேகம் பிடித்தது. 1984 அக்டோபர் 24-ல் எஸ்பிளனேட்டுக்கும் பவானிப்பூருக்கும் இடையே 3.4 கி.மீ. தூரத்துக்கு இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. அடிக்கல் நாட்டிய இந்திரா காந்தி அதன் பிறகு ஒரு வாரமே உயிரோடிருந்தார். 1986 ஏப்ரல் 29-ல் பாதை மேலும் 4.24 கி.மீ. நீண்டு டாலிகஞ்சை அடைந்தது. ரவீந்திர சரோபர் வரை பூமிக்கடியில் வரும் ரயில் டாலிகஞ்சில் தரைமட்டத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அருகிலேயே பெட்டிகளைப் பராமரிக்கும் கொட்டகை. வடக்கே சாலை குறுகியும் கட்டடங்கள் நெருங்கியும் இருந்ததால் அங்கே வேலை இழுத்துக்கொண்டே போனது. டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் இணைந்தது 1995 செப்டம்பர் 27-ல் தான்.

இந்த ரயில் பெட்டிகள் தமிழ்நாட்டுச் சரக்கு என்பது அதில் தினமும் பயணம் செய்தவர்களில் பலருக்குத் தெரியாது. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை கட்டிய பெட்டிகளே 1984-ல் ஓடத் தொடங்கின. மேலே மின்கம்பி இல்லாமல் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரம் எடுக்கும் வகை அவை. குளிரூட்டப்பட்ட பெட்டிகள் 2010-ல் வந்தபோது அவையும் ஐ.சி.எஃப்.பிலிருந்தே வந்தன. குளிரூட்டப்படாத பழைய பெட்டிகள், முதல் ரயில் ஓடி சரியாக 37 ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 24-ல் விடைபெற்றன. 2023 முதல் சீனாவின் டாலியன் நகரில் தயாரான பெட்டிகளும் இந்தத் தடத்தில் ஓடுகின்றன.

தொங்கலில் 23 ஆண்டுகள்

1986 முதல் 2009 வரை டாலிகஞ்ச் பாதையின் தென்முனை. தெற்கத்திக் காலனிகளில் வாழ்ந்தவர்களுக்கு மெட்ரோ என்றால் முதலில் டாலிகஞ்ச் வரை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வந்து சேர்வது என்று பொருள். நிலையத்தைச் சுற்றி ஆட்டோ நிறுத்தங்களும் பஸ் நிறுத்தங்களும் கடைகளும் முளைத்தன. குத்காட், பன்ஸ்த்ரோணி, கரியா என்று ஆட்டோக்காரர்கள் கூவி அழைக்கும் சத்தம் நிலையத்தின் அடையாளமாயிற்று. பாதை தெற்கே நீளவேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் நியாயமான கோரிக்கை. கேள்வி, எந்த வழியாக என்பதுதான்.

தெற்கே சாலைகள் குறுகல். வீடுகளை இடித்தால் ஏற்கெனவே ஒருமுறை வீடிழந்து வந்தவர்கள் மறுபடி வீடிழக்க வேண்டும். சுரங்கம் தோண்டச் செலவு அதிகம். ரயில்வேயின் கண்ணில் பட்டது டாலியின் கால்வாய். அரசுக்குச் சொந்தம், நேரான தடம், தடுக்க யாருமில்லை. கால்வாயின் நடுவிலேயே தூண்களை நட்டு மேம்பாலத்தில் ரயிலை விடுவது என்று முடிவானது. கால்வாயில் சுமார் 300 தூண்கள். நீரோட்டம் இதோடு செத்துவிடும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றனர். மெட்ரோ கட்டுமானங்களுக்குப் பரந்த அதிகாரம் தரும் 1978-ம் ஆண்டுச் சட்டம் ரயில்வேயின் கையில் இருந்தது. தூண்கள் எழுந்தன.

தடுக்க யாருமில்லை என்பதும் முழு உண்மையல்ல. கால்வாய்க் கரைகளில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. கால்வாயைச் சுத்தம் செய்யவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் என்று 2001 செப்டம்பரில் பெரும் போலீஸ் படையுடன் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். மனிதர்கள் போனார்கள், சாக்கடை போகவில்லை, தூண்கள் வந்தன.

சென்னைவாசிகள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். ரயில்வேயின் இதே வகைத் திட்டப் பிரிவு சென்னையில் பறக்கும் ரயிலுக்குத் தேர்ந்தெடுத்ததும் ஒரு கால்வாயைத்தான். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் நீண்ட அந்தப் பாதை நெடுகிலும் பக்கிங்காம் கால்வாயில் தூண்கள் நிற்கின்றன. இரண்டு கால்வாய்களும் வெள்ளைக்கார ஆட்சியில் படகு வியாபாரத்துக்காக உருவானவை. இரண்டும் சுதந்திர இந்தியாவில் சாக்கடைகளாயின. சாக்கடை ஆனதாலேயே தூண் நடத் தகுந்த இடமாக இரண்டும் தோன்றின. நிலம் கையகப்படுத்தும் தொல்லை இல்லாத ஒரே இடம் நீர்நிலை என்ற கணக்கு, இந்திய நகரங்களுக்குப் பழகிப்போன கணக்கு.

2009 ஆகஸ்ட் 22-ல் டாலிகஞ்சுக்குத் தெற்கே முதல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பாதை நியூ கரியாவைத் தொட்டது. அன்று ரயில்வே அமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி புதிய நிலையங்களுக்கு இடப் பெயர்களைத் தவிர்த்து மனிதர்களின் பெயர்களையும் நூலின் பெயரையும் சூட்டினார். குத்காட் நேதாஜி ஆனது, பன்ஸ்த்ரோணி மாஸ்டர்தா சூர்யா சென் ஆனது, நாக்தலா கீதாஞ்சலி ஆனது, கரியா பஜார் கவி நஸ்ருல் ஆனது. அதே வேகத்தில் பழைய டாலிகஞ்சும் மகாநாயக் உத்தம் குமார் ஆனது.

உத்தம் குமாருக்கு இந்த மரியாதை தகாது என்று வங்கத்தில் யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். 1926-ல் பிறந்து 1980-ல் மறைந்த அவர், டாலிகஞ்ச் ஸ்டுடியோக்களின் முடிசூடா மன்னர். சத்யஜித் ராய் அவரை வைத்து எடுத்த 'நாயக்' (1966) படத்தில் அவர் ஏற்றது, விருது வாங்க கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு ரயிலில் செல்லும் ஒரு நட்சத்திர நடிகரின் வேடம். நிலையத்துக்கு வெளியே அவருடைய சிலையும் நிற்கிறது. ஆனால் ஒரு நிலையத்தின் பெயர் முதலில் செய்ய வேண்டிய வேலை, இறங்குபவருக்கு எங்கே இறங்குகிறோம் என்று சொல்வது. அந்த வேலையை இப்போது வரைபடமும் பக்கத்துப் பயணியும் செய்கிறார்கள்.

ஓரமாய் நிற்கும் டிராம்

மெட்ரோ பிறந்த நாளிலிருந்தே டிராமின் நாட்கள் எண்ணப்பட்டன. தோண்டலுக்காகவும், மேம்பாலங்களுக்காகவும், கார்களுக்காகவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடங்கள் மூடப்பட்டன. டாலிகஞ்சுக்கும் பாலிகஞ்சுக்கும் இடையே ஓடிய 24/29 எண் தடம் கடைசிவரை தாக்குப்பிடித்த ஓரிரண்டில் ஒன்று. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேட்டுக்கும் இடையே ஒரு பாரம்பரியச் சவாரி தவிர மற்ற டிராம் சேவைகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. புகையில்லாத வாகனத்துக்காக உலக நகரங்கள் பலவும் புதிதாக டிராம் தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கும் காலம் இது.

பயணிக்கு என்ன கிடைத்திருக்கிறது என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: நிறைய. வடக்கே தட்சிணேஸ்வரம் காளி கோயில் வரை 2021-ல் நீண்ட இந்தப் பாதையில், காளிகாட்டில் ஏறி ஒரே ரயிலில் நகரின் இரு காளிகளையும் தரிசிக்கலாம். தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட் பகுதி, டாலிகஞ்சிலிருந்து இரண்டாவது நிலையமான காளிகாட்டுக்கு நடை தூரம். எஸ்பிளனேட்டில் மாறினால், 2024 மார்ச்சில் திறந்த ஹூக்ளி நதிக்கடியிலான பாதை ஹவுரா ரயில் நிலையத்துக்கே கொண்டுவிடுகிறது. சென்னை மெயிலில் வந்திறங்குபவர் டாக்சியோடு பேரம் பேசாமல் டாலிகஞ்ச் போய்ச் சேரலாம். 2011-ல் காந்த டிக்கெட்டுக்குப் பதில் டோக்கன் வந்தது. இப்போது ஸ்மார்ட் கார்டும் செல்போன் டிக்கெட்டும் உண்டு. 2019 டிசம்பரில் கட்டணம் மாற்றப்பட்டபோதும் தொடக்கக் கட்டணம் ரூ. 5 என்றே விடப்பட்டது. காலனிவாசிகளின் பிள்ளைகளுக்கு நகரம் பக்கத்தில் வந்திருக்கிறது. இதைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது.

ஆனால் இழந்ததும் கண்ணெதிரே இருக்கிறது. குத்காட்டில் ரயிலிலிருந்து கீழே பார்த்தால் கறுப்பு நீரில் தூண்கள் நிற்பது தெரியும். நீர் வற்றிவிடவில்லை, ஹூக்ளியில் பெரிய ஏற்றம் வரும் நாட்களில் கால்வாயில் நீர் எதிர்த்தேறி காளிகாட்டின் தாழ்ந்த தெருக்களுக்குள் நுழைகிறது. ஆதி கங்கையை மீட்க கங்கைத் தூய்மைத் திட்டத்தின் கீழ் 2023-ல் சுமார் ரூ. 650 கோடி ஒதுக்கப்பட்டது. சாக்கடை நீரைத் தடுத்துச் சுத்திகரிப்பது அதன் முக்கிய வேலை. தூண்களை அகற்றுவது எந்தத் திட்டத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது.

2025 ஜூலையில் இன்னொரு திருப்பம். பாதையின் தென்கோடியான கவி சுபாஷ் நிலையத்தின் தூண்களில் விரிசல் கண்டு அது மூடப்பட்டது. திறந்து 15 ஆண்டுகூட ஆகாத நிலையத்தை இடித்துக் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. பயணிகளின் கடைசி நிறுத்தம் ஒரு நிலையம் பின்வாங்கி ஷஹீத் குதிராம் ஆனது. 1986-ன் கட்டுமானமான டாலிகஞ்ச் மட்டும் வழக்கம்போல் ரயில்களை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் பெயர் எதுவானாலும், தெற்கத்திக் காலனிக்காரர்கள் மறுபடி ஒருமுறை ஆட்டோவுக்காக நிற்க நேர்ந்தால், எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.